ஈரல் செல் சாவதும் தன்னைத் தானே துப்புரவு செய்வதும்: அடிக்கடி வரும் கேள்விகள்

ஈரல் பயாப்ஸி ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நோயாளிகளை நேரில் சந்திப்பது குறைவு. ஆனாலும் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் காகிதத்தைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்று கேட்பார்கள். சொந்தக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் கேட்பார்கள். பத்து வருஷமாக அதே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அதை உங்கள் டாக்டரிடம் பேசித்தான் செய்யவேண்டும்.

"எஸ்.ஜி.பி.டி. 90-னு வந்திருக்கு. ஈரல் செல்லெல்லாம் செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தமா?"

எஸ்.ஜி.பி.டி. என்பது ஈரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய ஒரு நொதி. சில லேப்களில் ஏ.எல்.டி. என்று போடுவார்கள், இரண்டும் ஒன்றுதான். செல்லின் சவ்வு கிழிந்தாலோ கசிந்தாலோ அது ரத்தத்துக்கு வந்துவிடும். ஆகவே 90 என்றால் செல்கள் அடிபடுகின்றன. அடிபட்டதெல்லாம் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கசிந்துவிட்டுத் தேறுகிற செல்களும் உண்டு.

இதைவிட முக்கியம், அந்த எண் எதைச் சொல்வதில்லை என்பது. ரத்தத்தில் சேர்ந்த இந்த நொதி பாதியாகக் குறைய ஏறக்குறைய 2 நாள் ஆகும். அதனால் அது கடந்த சில நாட்களின் கதையை மட்டும் சொல்கிறது. பல வருஷமாகச் சேர்ந்த தழும்பைப் பற்றி அதற்குத் தெரியாது. சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறிப்போன நிலை) முற்றிய ஈரலில் எஸ்.ஜி.பி.டி. 35 என்று 'நார்மலாக' வருவது சகஜம். கசிவதற்கு அங்கே செல்களே குறைந்துபோயிருக்கும்.

"செல் சாகுதுன்னாலே அது நோய்தானே?"

இல்லை. இப்போதும் உங்கள் ஈரலில் செல்கள் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன, புதியவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அதன் சுவடு நம் செல்களின் டி.என்.ஏ.விலும் பதிந்திருக்கிறது. அதை வைத்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஈரல் செல்களின் வயதைக் கணக்கிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். ஆளுக்கு 20 வயதானாலும் 80 வயதானாலும் ஈரல் செல்லின் சராசரி வயது 3 வருஷத்துக்குள்தான் இருந்தது.

இந்த அமைதியான சாவை ஊன்றிப் பார்த்தவர் ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய நோய்க்கூறியலாளர். அவர் பார்த்ததும் ஈரலில்தான். 1960-களில் எலியின் ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் கிளைகளைக் கட்டிவிட்டு, என்ன நடக்கிறது என்று கவனித்தார். செல்கள் ஒன்றொன்றாகச் சுருங்கி, துண்டாகி, அக்கம்பக்கத்துச் செல்களால் விழுங்கப்பட்டன. சுற்றி வீக்கமோ அழற்சியோ இல்லை. 1972-ல் வில்லி, கரி என்ற இருவரோடு சேர்ந்து இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் இலையோ இதழோ உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. மரத்துக்கு நோவு இல்லாமல் பழுத்த இலை விழுகிறதே, அப்படி.

"அப்போ செல் எத்தனை விதமாச் சாகும்? எப்படிச் செத்தா என்ன?"

எப்படிச் செத்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மேலே சொன்ன உதிர்தல் ஒரு வகை. செல் தன் புரதங்களை ஒழுங்காக வெட்டி, தன்னைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டிக்கொள்ளும். காஸ்பேஸ் என்ற நொதிகள்தான் அந்தக் கத்தரிகள். பொட்டலங்களை ஈரலிலேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் விழுங்கிவிடும்.

இன்னொன்று நெக்ரோசிஸ். செல் ஊதி வெடித்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டும். கொட்டியதைப் பார்த்து நோய் எதிர்ப்பு செல்கள் ஓடிவரும், அழற்சி கிளம்பும், பக்கத்தில் நல்லபடியாக இருந்த செல்லும் சேர்ந்து அடிபடும். இந்த இரண்டுக்கும் நடுவே நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ், இரும்பால் சவ்வின் கொழுப்பு சிதைந்து நடக்கும் ஃபெராப்டோசிஸ் என்று வேறு வகைகளும் இருக்கின்றன. 'ஃபெராப்டோசிஸ்' என்ற பெயரே 2012-ல்தான் வந்தது. உங்கள் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள முதல் இரண்டு போதும்.

ஸ்லைடில் முதல் வகையைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். வரிசையாக வெளிர்நிறச் செல்கள் இருக்கும். நடுவில் ஒன்று மட்டும் சுருங்கி அடர்ந்த ரோஜா நிற உருண்டையாக, பக்கத்துச் செல்களிலிருந்து விலகி, சுற்றிலும் மெல்லிய வெள்ளை வளையத்தோடு நிற்கும். உள்ளே கரு ஒரு கரும்புள்ளியாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. 1890-ல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்களின் ஈரலில் கவுன்சில்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தார். தான் பார்த்தது அப்போப்டோசிஸ் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தப் பெயர் வர இன்னும் 80 வருஷத்துக்கு மேல் இருந்தது.

"பாராசிட்டமால் ஈரலைக் கொல்லும்னு சொல்றாங்க. காய்ச்சலுக்குப் போடவே கூடாதா?"

அளவோடு போட்டால் பயமில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் உச்ச வரம்பு. தினமும் குடிப்பவர்கள், சாப்பாடில்லாமல் மெலிந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு அதற்கும் குறைவாகத்தான் எடுக்கவேண்டும். சளி மாத்திரையிலும் வலி மாத்திரையிலும் இதே மருந்து சேர்ந்திருக்கும். அட்டையின் பின்பக்கம் படித்து எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

அளவு மீறும்போது நடப்பது, நெக்ரோசிஸ் என்றால் என்ன என்பதற்குப் பாடம் மாதிரியான உதாரணம். மருந்தின் ஒரு பகுதியை ஈரல் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. செல்லில் குளூட்டாதயோன் என்ற காப்புப்பொருள் இருக்கும்வரை அது நச்சைக் கட்டிப்போடும். அது தீர்ந்ததும் நச்சு, செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும், செல்லின் எரிசக்தி நின்றுபோகும். ஒழுங்காக உதிர்வதற்கும் சக்தி வேண்டுமே. அது இல்லாததால் செல் வெடித்துத்தான் சாகிறது. முதல் ஒரு நாள் ஆள் நன்றாகவே தெரிவார், அதுதான் ஆபத்து. என்-அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து குளூட்டாதயோனை மீட்டுத் தருகிறது; விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் ஈரலைக் காப்பாற்றிவிடலாம். யாராவது அதிகமாக விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால், வாந்தி வருகிறதா, மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"ஆட்டோஃபேஜின்னா செல் தன்னைத்தானே தின்னு சாகிறதா?"

பெயர் அப்படிப் பயமுறுத்துகிறது. பெரும்பாலும் அது சாவதற்கு நேர் எதிரான வேலை. செல்லுக்குள் கெட்டுப்போன புரதம், பழுதான மைட்டோகாண்ட்ரியா, மிஞ்சிய கொழுப்புத் துளி எல்லாவற்றையும் இரட்டைச் சவ்வாலான ஒரு பை சுற்றி வளைக்கும். அந்தப் பை, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமோடு இணையும். உள்ளே இருந்தது கரைந்து, அமினோ அமிலமாகவும் கொழுப்பு அமிலமாகவும் செல்லுக்கே திரும்பக் கிடைக்கும். ஓட்டை விழுந்த பித்தளைக் குடத்தை உருக்கிக் குத்துவிளக்கு வார்ப்பது போன்ற காரியம்.

லைசோசோம் கண்டுபிடிக்கப்பட்டதும் எலி ஈரலில்தான். பெல்ஜியத்தில் கிறிஸ்டியான் டி டூவ், இன்சுலின் ஈரலில் எப்படி வேலை செய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அரைத்த ஈரலில் ஒரு நொதியை அளந்தபோது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு 5 நாள் கழித்து அளந்தால் நொதி பல மடங்கு கூடியிருந்தது! அது ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்து, பை சிதைந்ததும் வெளியே வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். 1955-ல் அந்தப் பைக்கு லைசோசோம் என்றும், 1963-ல் இந்தத் துப்புரவுக்கு ஆட்டோஃபேஜி என்றும் பெயர் வைத்தார். அதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது.

"எல்லா உறுப்புலயும் நடக்கிறதுதானே? ஈரலுக்கு மட்டும் என்ன விசேஷம்?"

ஈரல் உடம்பின் சேமிப்புக் கிடங்கு. பட்டினி கிடக்கும்போது முதலில் கைவைப்பது அங்கேதான். எலியை 2 நாள் பட்டினி போட்டால் ஈரல் தன் புரதத்தில் கால் பங்குக்கு மேல் இழந்துவிடும். அதைக் கரைத்து உடம்புக்குக் கொடுப்பது ஆட்டோஃபேஜிதான்.

2005-ல் ஜப்பானில் ஒரு சோதனை வெளியானது. ஆட்டோஃபேஜிக்கு அவசியமான ஒரு மரபணுவை எலியின் ஈரலில் மட்டும் அணைத்தார்கள். ஈரல் பூதாகரமாக வீங்கியது. செல்கள் உப்பி, உள்ளே உருக்குலைந்த மைட்டோகாண்ட்ரியாவும் புரதக் கட்டிகளும் குவிந்து கிடந்தன. வெளியிலிருந்து எந்த விஷமும் கொடுக்கவில்லை. குப்பை அள்ளுவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். எனக்கு ஈரல் நோயைப் பற்றிய பார்வையே மாறியது இதைப் படித்த பிறகுதான். பல ஈரல் நோய்களில் பாதிக் கதை, அள்ளப்படாத குப்பையின் கதை.

"எனக்கு ஃபேட்டி லிவர். அந்தக் கொழுப்பை ஈரலே இப்படித் தின்னு தீர்த்துடாதா?"

தின்னத்தான் செய்கிறது. ஈரல் செல் தன் கொழுப்புத் துளிகளை ஆட்டோஃபேஜி மூலமாகவும் கரைக்கிறது என்று 2009-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிக்கல் என்னவென்றால், வரவு நிற்காமல் இருந்தால் துப்புரவே மந்தமாகிவிடுகிறது. சாப்பிட்டதும் ஏறும் இன்சுலின் ஆட்டோஃபேஜியை அடக்கும், அது இயல்பு. ஆனால் வயிற்றுப் பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இன்சுலின் நாள் முழுக்க உயர்ந்தே இருக்கிறது. கொழுப்பு மிகுந்த செல்லில் லைசோசோமின் அமிலத்தன்மையும் குறைகிறது. தேவை கூடும் நேரத்தில் வேலையாள் சோர்ந்துபோகிறான்.

"கொழுப்புதானே? அதுல தழும்பு எங்கிருந்து வருது?"

எல்லோருக்கும் வருவதில்லை, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிரோசிஸ் வரை போவதில்லை. போகிறவர்களிடம் நடப்பது இது. கொழுப்பால் நொந்த செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன. பொட்டலங்களை அள்ளும் வேகத்தைவிடச் சாகும் வேகம் கூடுகிறது. அப்போது ஈரலின் நட்சத்திரச் செல்கள் விழித்துக்கொள்கின்றன. சாதாரணமாக அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சாதுவாக இருப்பவை. செத்த செல்லின் துண்டுகளை விழுங்கியதும், அழற்சியின் சைகைகள் எட்டியதும், சேமிப்பை இழந்து கொலாஜன் நாரை நெய்ய ஆரம்பிக்கும். அந்த நார்தான் தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ்.

இதில் யோசிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. நட்சத்திரச் செல் அப்படி நெய்வதற்குச் சக்தி வேண்டும். அதற்காகத் தன் கொழுப்புத் துளிகளை அது ஆட்டோஃபேஜி மூலமாகவே கரைத்துக்கொள்கிறது என்று 2012-ல் தெரியவந்தது. ஈரல் செல்லில் நல்லது செய்யும் அதே வேலை, பக்கத்துச் செல்லில் தழும்புக்கு எரிபொருள். 'ஆட்டோஃபேஜியைக் கூட்டினால் எல்லாம் சரியாகும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

"குடிக்கிறவங்களுக்கும் இதேதானா?"

வழி வேறு, போய்ச் சேரும் இடம் ஒன்று. சாராயம் ஈரலில் அசிட்டால்டிஹைடாக மாறிப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். மைட்டோகாண்ட்ரியா வீங்கி உருமாறும். ஒருமுறை குடித்தால் ஆட்டோஃபேஜி கூடுவதாக விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள், செல் சமாளிக்கப் பார்க்கிறது. வருஷக்கணக்கில் தொடர்ந்தால் லைசோசோம்கள் குறைந்து துப்புரவு தேங்கிவிடும்.

தேங்கியதைக் கண்ணால் பார்க்கலாம். ஊதிய செல்லுக்குள், கருவைச் சுற்றி, முறுக்கிய கயிறு மாதிரி இளஞ்சிவப்புத் திரள் கிடக்கும். 1911-ல் மல்லரி என்பவர் விவரித்தது. செல்லின் சட்டகப் புரதமான கெரட்டின், 'இதை அள்ளிப் போடு' என்ற குறியோடு கட்டியாகிக் கிடக்கிறது, அள்ள ஆளில்லை. ரத்த ரிப்போர்ட்டிலும் ஒரு தடயம் உண்டு. குடியால் வரும் ஹெபடைட்டிஸில் (ஈரல் அழற்சியில்) எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியின் அளவு, எஸ்.ஜி.பி.டி.யின் அளவைப் போல பெரும்பாலும் 2 மடங்குக்கு மேல் போகும். குடியை நிறுத்தினால் கொழுப்பு சில வாரங்களில் வடியத் தொடங்கும். தயவுசெய்து நிறுத்துங்கள். ஆனால் தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவ உதவியோடு நிறுத்துவது பத்திரம்.

"ஹெபடைட்டிஸ் பி இருந்தா வைரஸ் ஈரல் செல்லைக் கொன்னுடுமா?"

பெரும்பாலும் கொல்வது நம் சொந்தப் படைதான். பி வைரஸ் செல்லுக்குள் குடியிருந்தாலும் நேரடியாக அதைக் கொல்வதில்லை. நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி-செல்கள், பாதிக்கப்பட்ட செல்லை அடையாளம் கண்டு அதைச் சாகச் சொல்கின்றன. வைரஸ் ஏராளமாக இருந்தும் எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருப்பவர்கள் உண்டு என்பதற்குக் காரணம் இதுதான். அதை நம்பி செக்கப்பை விட்டுவிடக் கூடாது.

ஈரல் செல்லின் மேல் ஃபாஸ் என்ற ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உதிர்தல் தொடங்கும். 1993-ல் ஜப்பானில் அந்தப் பொத்தானை அழுத்தும் எதிர்ப்புரதத்தை எலிகளுக்கு ஊசியில் போட்டார்கள். சில மணி நேரத்தில் ஈரல் அழிந்து எலிகள் இறந்தன. மேலே அமைதியான சாவு என்று நான் சொன்னது ஒவ்வொன்றாக உதிரும்போதுதான். மரமே ஒரே இரவில் உதிர்ந்தால் அமைதி ஏது?

"ஈரல் வெட்டினாலும் வளரும்னு சொல்றாங்களே. அப்புறம் ஏன் கவலை?"

உண்மைதான். மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாலும் எலி ஈரல் வளர்ந்து பழைய எடைக்கு வந்துவிடும். 1931-லிருந்து தெரிந்த விஷயம். உயிரோடு இருப்பவர் ஈரலில் ஒரு பகுதியைத் தானம் செய்ய முடிவதும் இதனால்தான். ஆனால் அது தழும்பில்லாத ஈரல். நாரால் கட்டங்கட்டமாகப் பிரிந்துபோன ஈரலில் புதுச் செல்கள் முடிச்சு முடிச்சாகத்தான் வளரும், ரத்த ஓட்டமும் சீராக இருக்காது.

"விரதம் இருந்தா ஆட்டோஃபேஜி கூடி ஈரல் சுத்தமாகுமாமே? 16 மணி நேரமா, 48 மணி நேரமா?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். பட்டினி ஆட்டோஃபேஜியைத் தூண்டும் என்பது எலிகளில் உறுதியானது. ஆனால் எலியின் ஒரு நாள் பட்டினி நம் ஒரு நாள் பட்டினிக்குச் சமமில்லை. மனித ஈரலில் எத்தனையாவது மணிக்கு அது தொடங்குகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எந்த லேப்பிலும் கிடையாது. '16-வது மணி நேரத்தில் சுத்திகரிப்பு ஆரம்பம்' என்று படம் போட்டு அனுப்புகிறார்களே, அதை நம்பவேண்டாம்.

ஃபேட்டி லிவருக்கு நன்றாக நிரூபணமானது எடைக் குறைப்பு. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 10 சதவீதத்துக்கு மேல் போனால் பலருக்குத் தழும்பே பின்வாங்குகிறது. 80 கிலோ ஆளுக்கு 8 கிலோ. விரதம் மூலமாக வந்தாலும் சரி, ராத்திரி சோற்றைப் பாதியாக்கி நடந்து வந்தாலும் சரி.

சிரோசிஸ் உள்ளவர்கள் மட்டும் விரதமே இருக்கக் கூடாது. கிடங்கு காலியான ஈரலுக்கு ஓர் இரவுப் பட்டினியே, நல்ல ஆளுக்கு 2, 3 நாள் பட்டினி மாதிரி. உடம்பு தசையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் அவர்களைப் படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்கிறோம். வைகுண்ட ஏகாதசியானாலும் ரமலானானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான்.

"கீழாநெல்லி குடிச்சா செல் புதுப்பிக்கும்தானே? சீந்தில் கொடி?"

கீழாநெல்லியை ஒதுக்கித் தள்ளாமல் சோதித்த ஊர் நம் சென்னை. பி வைரஸ் உள்ளவர்களிடம் நடந்த அந்த ஆய்வு 1988-ல் லான்செட் இதழில் வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கும், வெறும் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கும் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக முடிவு. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. இன்று பி வைரஸை அடக்க நிரூபணமான மாத்திரைகள் இருக்கும்போது அவற்றை விட்டுவிட்டுக் கீழாநெல்லியை நம்புவது சரியில்லை.

சீந்தில் விஷயத்தில் கவனம் வேண்டும். கோவிட் காலத்தில் எதிர்ப்புசக்திக்கு என்று குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நோய் எதிர்ப்பைத் தூண்டினால் என்ன ஆகலாம் என்பதற்கு மேலே ஹெபடைட்டிஸ் பி பதிலைப் பாருங்கள்.

"செல் சாகிறதையே நிறுத்த மாத்திரை வரலையா?"

முயன்றார்கள். எம்ரிகாசான் என்ற மருந்து, முன்பு சொன்ன காஸ்பேஸ் கத்தரிகளை மழுங்கடிக்கும். கொழுப்பால் அழற்சி வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் தழும்பு குறையவில்லை. செல்கள் ஊதுவது கூடியிருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. உதிரும் வழியை அடைத்தால், சாகவேண்டிய செல் வெடிக்கும் வழியைத் தேடிக்கொள்கிறது. அல்லது சாகாமல் நோஞ்சானாக நின்று அழற்சியைக் கிளப்புகிறது.

பலன் தந்தவை, செல்லின் மேல் விழும் பாரத்தைக் குறைத்த மருந்துகள். ரெஸ்மெடிரோம் 2024 மார்ச்சிலும், எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் 2025 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் கொழுப்பால் வரும் இந்த ஈரல் அழற்சிக்கு அனுமதி பெற்றன. ரெஸ்மெடிரோம் தைராய்டு ஹார்மோனின் வேலையை ஈரலில் செய்கிறது. அந்த ஹார்மோன் கொழுப்புத் துளிகளை ஆட்டோஃபேஜி வழியாகக் கரைக்கத் தூண்டும் என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2012-லேயே காட்டியிருந்தார்கள்.

"செல் சாகலேன்னா கேன்சர் வருமாமே? அப்போ சாகுறது நல்லதா?"

இரண்டு பக்கமும் ஆபத்து. டி.என்.ஏ. கெட்ட செல் உதிர மறுத்தால் அது புற்றுநோயின் விதை. செல்கள் அதிகமாகச் செத்தால் மிச்சமுள்ளவை ஓயாமல் பெருக வேண்டியிருக்கும். பெருகும்போதுதான் பிழை சேரும். பெரும்பாலான ஈரல் புற்றுநோய் சிரோசிஸ் வந்த ஈரலில் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஆட்டோஃபேஜியும் இங்கே இரண்டு வேஷம் போடுகிறது. அதை அணைத்த எலிகளின் ஈரலில் கட்டிகள் வந்தன. அதாவது அது காவல் காக்கிறது. ஆனால் அந்தக் கட்டிகள் சாதுவானவையாகவே நின்றுவிட்டன. கொடிய புற்றாக வளரவும் கட்டிக்கு ஆட்டோஃபேஜி தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள். ரத்தம் சரியாக வராத இடத்தில் புற்றுசெல் தன் பழைய சாமானைக் கரைத்துத்தான் பிழைக்கிறது.

"பயாப்ஸில 'பலூனிங்', 'அசிடோஃபில் பாடி'ன்னு போட்டிருக்கு. பயப்படணுமா?"

அசிடோஃபில் பாடி என்பது மேலே சொன்ன ரோஜா நிற உருண்டை, உதிர்ந்த செல். ஒன்றிரண்டு இருப்பது பெரிய விஷயமில்லை. பலூனிங் என்றால் ஊதிய செல். குப்பை தேங்கி, சாகவும் முடியாமல் பிழைக்கவும் முடியாமல் நிற்பது. அதை நான் கொஞ்சம் கவலையோடுதான் எழுதுவேன். தழும்பு அதைச் சுற்றித்தான் முதலில் தெரியும்.

நீங்கள் பார்க்கவேண்டிய வரி வேறு. ரிப்போர்ட்டின் கடைசியில் ஃபைப்ரோசிஸ் ஸ்டேஜ் என்று 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். டாக்டரிடம் அந்த எண்ணைக் காட்டி, காரணம் என்ன, அதை எடுத்துவிட்டால் இது எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள். 2 என்று எழுதி அனுப்பியவர்களின் ஸ்லைடு சில வருஷம் கழித்து மறுபடி என் மேஜைக்கு வந்து, 1 என்று எழுதியிருக்கிறேன்.